வானம் ஒண்ணு, அர்த்தம் ரெண்டு

மொழி பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் கொஞ்ச நேரத்துல ஒரு வாதம் வந்து நிக்கும். "ஒரு மொழியில ஒரு விஷயத்துக்குத் தனிச் சொல் இல்லைன்னா, அந்த மொழி பேசுறவங்களுக்கு அந்தச் சிந்தனையே இருக்காது." கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு. "எங்க மொழியில எத்தனை சொல் இருக்கு பாரு"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கவும் வசதி. ஆனா இது உண்மையா? சோதிச்சுப் பார்க்க எனக்குக் கிடைச்ச நல்ல உதாரணம் ஒரே ஒரு லத்தீன் சொல். அதோட கதைதான் இந்தப் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன், நான் மொழியியல் படிச்சவன் இல்லை. இன்ஜினியரிங் முடிச்சுட்டு பொட்டி தட்டுற ஆசாமி. ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு சமயம் ஸ்பானிஷ் கத்துக்கலாம்னு உட்கார்ந்தேன். புத்தகத்தோட சொற்பட்டியல்ல 'ஸியேலோ'ன்னு ஒரு சொல். அதுக்கு நேரே வானம், சொர்க்கம் ரெண்டுமே போட்டிருந்தது. என்னடா இது, மழை வர்ற இடத்துக்கும் மோட்சத்துக்கும் ஒரே பேரான்னு தோண்டிக்கிட்டே போனதுல, ஸ்பானிஷ் இன்னும் அரைகுறையா இருக்கு. இந்தச் சொல் மட்டும் நல்லா மனசுல உட்கார்ந்துடுச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஒரு சொல், ஏழெட்டு வேஷம்

படிக்க வசதியா ஒரு ஏற்பாடு. பிறமொழிச் சொல்லுல 'ச' வந்தா 'பச்சை'யில வர்ற அழுத்தமான ச. 'ஸ' வந்தா 'பஸ்'ல வர்ற ஸ.

பழைய லத்தீன்ல வானத்துக்குச் சொல் 'கய்லும்'. ரோமப் பேரரசு உடைஞ்ச பிறகு அந்த லத்தீன் ஊருக்கு ஊர் மாறி இத்தாலியன், ஸ்பானிஷ், பிரெஞ்சு, போர்ச்சுகீஸ், கட்டலான், ருமேனியன், சார்டினியன் என்று பிரிஞ்சது. இந்தக் குடும்பத்துக்கு ரோமான்ஸ் மொழிகள்னு பேர். இந்த ஏழுலயும் வானத்துக்கு இன்னைக்கும் அதே பழைய சொல்தான்.

இத்தாலியன்ல சேலோ. ஸ்பானிஷ்ல ஸியேலோ. (ஸ்பெயின் நாட்டுல பெரும்பாலும் நாக்கைப் பல்லுக்கு நடுவுல வச்சு 'தியேலோ' மாதிரி சொல்வாங்க.) பிரெஞ்சுல ஸியெல். கட்டலான்ல ஸெல். போர்ச்சுகீஸ்ல ஸெவ். ருமேனியன்ல செர். சார்டினியாத் தீவுல மட்டும் கேலு.

கேலுவைக் கவனிங்க. எல்லா ஊர்லயும் 'கெ' ஒலி சகரமா, ஸகரமா இளகிப் போச்சு, சார்டினியாக்காரங்க மட்டும் பழைய ககரத்தை விடவே இல்லை. இ, எ மாதிரி உயிர் ஒலிகளுக்கு முன்னாடி ககரம் இப்படி இளகறது உலகத்துல பல இடத்துல நடக்குறதுதான். கன்னடத்துல 'கிவி', நம்மகிட்ட 'செவி'. அதே கதை.

ருமேனியன்ல லகரம் எப்படி ரகரம் ஆச்சு? ரெண்டு உயிருக்கு நடுவுல மாட்டின லகரத்தை அவங்க ரகரமா மாத்திட்டாங்க. லத்தீன்ல உப்பு 'ஸால்', அங்கே 'ஸாரெ'. போர்ச்சுகீஸ்காரங்க அதே இடத்துல லகரத்தை முழுங்கியே விட்டாங்க. வலிக்கு லத்தீன்ல 'டோலோர்', அவங்களுக்கு 'டோர்'. அப்படித்தான் கய்லும் ஸெவ் ஆச்சு. ஒலி மாறினதுல ஒரு ஒழுங்கு இருக்கு. அதனாலதான் இவை எல்லாம் ஒரே தாய் பெத்த பிள்ளைங்கன்னு தைரியமா சொல்ல முடியுது.

கய்லும் எங்கேருந்து வந்தது?

இதுக்கு ரோமானியர்களே மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. கி.மு. முதல் நூற்றாண்டுல வார்ரோன்னு ஒரு பெரிய அறிஞர். லத்தீன் மொழி பத்தி எழுதின புத்தகத்துல, ஏலியஸ் என்கிறவர் சொன்ன ரெண்டு விளக்கத்தைக் குறிச்சு வைக்கிறார். ஒண்ணு, நட்சத்திரம் எல்லாம் செதுக்கி வச்ச மாதிரி இருக்கறதால 'செதுக்கப்பட்டது' என்ற சொல்லுலேருந்து வந்தது. இன்னொண்ணு இன்னும் தமாஷ். 'மறைக்கப்பட்டது' என்ற சொல்லுலேருந்து வந்ததாம். ஏன்னா வானம் மறைஞ்சே இருக்கறதில்லையே, அதனால எதிர்ப்பேர் வச்சுட்டாங்களாம்! கடிச்சா ஆளையே முடிச்சுடற பாம்புக்கு நாம 'நல்ல பாம்பு'ன்னு பேர் வச்ச மாதிரி. வார்ரோவுக்கு ரெண்டும் பிடிக்கலை. குழிவா, வெற்றிடமா இருக்கறதுதான் காரணம்னு தன் கணக்கைச் சொல்றார். அடுத்த நூற்றாண்டுல வந்த பிளினி மறுபடி செதுக்கல் கட்சி.

இன்னைய மொழியியலாளர்கள் இந்த மூணு விளக்கத்தையும் ஒதுக்கிட்டாங்க. 'வெட்டிப் பிரிச்ச பகுதி'ன்னு ஒரு கருத்து, 'ஒளி, தெளிவு'ன்னு ஒரு கருத்து, 'முழுமை'ன்னு ஒரு கருத்து. வழக்கு இன்னும் முடியலை. எனக்கு முதல் கருத்து மேல ஒரு சாய்வு உண்டு. ரோமாபுரியில பறவைகளைப் பார்த்துச் சகுனம் சொல்ற பூசாரிகள், கையில இருக்குற வளைஞ்ச கோலால வானத்துல ஒரு பகுதியைப் பிரிச்சுக் குறிச்சுக்குவாங்க. அந்தப் பகுதிக்குப் பேர் 'டெம்ப்ளும்'. அப்புறம் தரையில குறிச்ச புனித இடத்துக்கும் அதே பேர் வந்தது. இங்கிலீஷ்ல 'டெம்பிள்' அங்கேருந்துதான் வருது. கோயிலோட பேர்லயே ஒரு துண்டு வானம் இருக்கு.

வியாழக்கிழமையில ஒளிஞ்ச வானம்

கய்லும்க்கு முன்னாடி அந்த மக்களோட மூதாதைகள் வானத்துக்கு என்ன சொன்னாங்க? இந்தோ-ஐரோப்பிய மொழிகள்ல பளிச்சுன்னு இருக்குற பகல் வானத்துக்கு ஒரு பழைய வேர்ச்சொல் உண்டு. சமஸ்கிருதத்துல அது 'த்யவுஸ்'. ரிக் வேதத்துல 'த்யவுஸ் பிதர்', அதாவது வானத் தந்தை. கிரேக்கத்துல அவர்தான் ஜீயஸ். லத்தீன்ல 'பிதர்' ஒட்டிக்கிட்டு ஜூப்பிடர்.

அதாவது லத்தீன்ல பழைய வானச் சொல்லை ஒரு சாமிக்குப் பேராக் கொடுத்துட்டாங்க. அதே வேர்லேருந்து 'கடவுள்' என்ற பொதுச் சொல்லும், 'பகல்' என்ற சொல்லும் வந்தது. ஆக ஸ்பானிஷ்காரர் கடவுளை 'தியோஸ்' என்றாலும், நாளை 'தியா' என்றாலும், ரெண்டுலயும் இருக்கறது அந்தப் பழைய வானம்தான். ஜூப்பிடருக்கு லத்தீன்ல ஆறாம் வேற்றுமை 'யோவிஸ்'. யோவிஸோட நாள்தான் இத்தாலியன்ல ஜோவெதி, பிரெஞ்சுல ஷுதி, ருமேனியன்ல ஷோய். எல்லாமே வியாழக்கிழமை. நாமளும் அந்தக் கிழமையை வியாழன் கிரகத்துக்குத்தானே கொடுத்திருக்கோம். கிழமைகளைக் கிரகங்களோட கட்டிப் போட்ட அந்தக் கணக்கு மத்தியதரைக்கடல் பக்கத்துலேருந்து இந்தியா வந்ததுதான்.

இதுலேருந்து ஒண்ணு தெரியுது. வானமும் கடவுளும் ஒட்டிக்கிட்டது கிறிஸ்தவம் வந்து நடந்ததில்லை. அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்ச பழக்கம். ஆனா ஒரு வித்தியாசம். பழைய ரோமானியக் கணக்குல செத்துப்போன சாதாரண ஆள் போறது பூமிக்குக் கீழே. மேலே போறது பெரிய ஆட்கள். கி.மு. 44ல ஜூலியஸ் சீசர் கொலையான சில மாசத்துல ஒரு வால்நட்சத்திரம் தெரிஞ்சது. சீசரோட ஆன்மாவை வானத்துல சேர்த்துக்கிட்டாங்கன்னு ஜனங்க நம்பினாங்க. நமக்கெல்லாம் அங்கே இடம் கிடையாது. கிறிஸ்தவம்தான் அந்தக் கதவை ஏழைபாழைக்கும் திறந்து விட்டது. கய்லும் என்ற சொல்லுக்கு 'நாம போய்ச் சேரப் போற இடம்'னு அர்த்தம் ஊர் முழுக்கப் பரவினது அப்புறம்தான்.

சீசர் போட்ட தடை

சீசர் பேர் வந்ததால ஒரு கிளைக்கதை. ஆனா நம்ம விஷயத்துக்கு முக்கியமானது.

சீசர் இலக்கண ஆசாமியும் கூட. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து போற வழியில அவர் ஒரு இலக்கண நூல் எழுதினார்னு வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் சொல்றார். அந்த நூல் இப்போ இல்லை. ஆனா அதுல இருந்த ஒரு விதியை ரெண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் கெல்லியஸ் பதிவு பண்ணி வச்சிருக்கார். மணல், கோதுமை, வானம், இந்த மாதிரிச் சொற்களுக்குப் பன்மை கிடையாது. சரிதானே, வானம் ஒண்ணுதானே. அதே காலத்துக் கவிஞர் லுக்ரீஷியஸ் ஒரு இடத்துல பன்மை போட்டுட்டார், கவிஞர்னா அப்படித்தான்.

இந்த விதியை நிஜமா உடைச்சது எபிரேய மொழி. எபிரேயத்துல வானத்துக்குச் சொல் 'ஷமாயிம்'. அது எப்பவும் பன்மை வடிவத்துலதான் வரும். அதோட பாதிப்பு கிரேக்கத்துக்கு வந்தது. மாற்கும் லூக்காவும் 'கடவுளின் அரசு' என்று எழுதுற இடத்துல மத்தேயு 'வானங்களின் அரசு' என்று எழுதுறார். அங்கேருந்து லத்தீன். நாலாம் நூற்றாண்டுக் கடைசியில ஜெரோம் லத்தீன் பைபிளைச் சீர்படுத்தினப்போ, பன்மையான 'கய்லி' சர்ச்சுக்குள்ள ஸ்திரமா உட்கார்ந்துடுச்சு. ஒருமையில நடுப்பாலா இருந்த சொல், பன்மையில ஆண்பாலா வேற மாறிடுச்சு.

இப்போ வேடிக்கை பாருங்க. ரோமான்ஸ் மொழிக்காரங்க கையில சொல் ஒண்ணு, வடிவம் ரெண்டு. ஒருமை ஒண்ணு, சர்ச் கொடுத்த பன்மை ஒண்ணு. பிரெஞ்சுக்காரங்க இதை வச்சே வேலையை முடிச்சுட்டாங்க. அவங்களுக்கு ரெண்டு பன்மை. கடவுள் இருக்குற வானங்கள்னா 'ஸியோ'. ஓவியர் வரையற வானங்கள், கட்டிலுக்கு மேல கட்டுற விதானங்கள்னா எழுத்துல கடைசியா ஒரு எஸ் மட்டும் சேரும், உச்சரிப்பு பழையபடி 'ஸியெல்'தான். புதுச் சொல் எதையும் கடன் வாங்காம, இலக்கணத்தை வச்சே சொர்க்கத்தையும் ஆகாயத்தையும் பிரிச்சாச்சு!

இயேசு கத்துக்கொடுத்த ஜெபத்துல இத்தாலியன், பிரெஞ்சு, ருமேனியன் மூணுலயும் இன்னைக்கும் பன்மைதான். ஸ்பானிஷ்ல பழைய வடிவம் பன்மை, இப்போ ஒருமை. தமிழ்லயும் அந்தத் தடயம் இருக்கு. புராட்டஸ்டண்ட் சபைகள்ல சொல்ற பழைய ஜெபத்துல வர்ற சொல் 'பரமண்டலங்கள்'. ஒரு பரமண்டலம் பத்தாதான்னு சின்ன வயசுல யோசிச்சவங்க இருந்தா, உங்களுக்கான பதில் எபிரேய இலக்கணத்துல இருக்கு.

வாய்க்குள்ள வானம்

சாமி விஷயம் போதும், வீட்டுக்குள்ள வருவோம். நாம மேலண்ணம் என்கிறோமே, வாயோட கூரை, அதுக்கு போர்ச்சுகீஸ்காரர் சொல்றது 'வாயின் வானம்'. ஸ்பானிஷ்லயும் அப்படிச் சொல்றது உண்டு. ருமேனியன்லயும் அதேதான். வளைஞ்ச கூரை மாதிரி இருக்குல்ல. கிரேக்கர்களும் அண்ணத்துக்கு 'குட்டி வானம்'னு பொருள்படற சொல்லைத்தான் வச்சிருந்தாங்க.

ஸ்பானிஷ்ல அறையோட உள்கூரைக்குப் பேர் 'மட்டமான வானம்'. (தரம் மட்டம் இல்லை, தளம் மட்டம்.) காதலியையோ குழந்தையையோ கொஞ்சணும்னா 'மி ஸியேலோ', என் வானமே. அந்த இடத்துல அது வானமா சொர்க்கமான்னு கேட்டா அடிதான் விழும். உருகுவே கால்பந்து அணிக்குச் செல்லப்பேர் 'லா ஸெலெஸ்தே', வான்நீலம். அதே பெயரடைக்கு 'விண்ணுலகுக்கு உரிய' என்ற அர்த்தமும் இருக்கு. அதுக்காக அவங்க சட்டையைப் பார்த்து யாரும் தேவதைகள்னு குழம்பலை.

வானளாவிய கட்டிடத்துக்கு இத்தாலியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் எல்லாத்துலயும் 'வானத்தைச் சுரண்டுறது'ன்னுதான் பேர். ருமேனியர்கள் மட்டும் 'மேகத்தைச் சுரண்டுறது' என்கிறாங்க. மத்தவங்களும் கட்டிடம் சொர்க்கத்தைச் சுரண்டுதுன்னு பயந்ததாத் தெரியலை.

தனிச் சொல் வேணும்கிறப்போ அதுவும் இருந்தது. பழைய ஈரானிய மொழியில சுவர் சூழ்ந்த தோட்டத்துக்கு ஒரு சொல். அது கிரேக்கம் வழியா லத்தீனுக்கு வந்து இத்தாலியன்ல 'பாரதீஸோ', பிரெஞ்சுல 'பாரதீ' ஆச்சு. ருமேனியர்கள் பக்கத்து ஸ்லாவிய மொழிகளேருந்து 'ராய்' என்ற சொல்லை எடுத்துக்கிட்டாங்க. பிரெஞ்சுல சர்ச் வாசல் முற்றத்துக்குப் பேர் 'பர்வி'. அதுவும் இந்தத் தோட்டச் சொல்லோட தேய்ஞ்ச வடிவம்தான். ஆனா இத்தனை இருந்தும் கய்லும் குடும்பச் சொல் தன் ரெண்டாவது வேலையை விடவே இல்லை.

ஒரே சொல்லை வச்சு ஒரு வழக்கு

இப்போ முக்கியமான கட்டத்துக்கு வந்தாச்சு.

1321ல இறந்துபோன தாந்தே தன் காவியத்தோட மூணாம் பாகத்துல மேலே போறார். சந்திரன், புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி, நட்சத்திர மண்டலம், எல்லாத்தையும் சுத்த வைக்கிற ஒன்பதாவது மண்டலம். ஒவ்வொண்ணுக்கும் பேர் 'சேலோ'. அதையும் தாண்டினா கடவுளோட இடம். அவர் காலத்துப் படிச்சவங்களுக்கு வானமும் சொர்க்கமும் நிஜமாவே ஒரே திசையில, ஒரே முகவரியில இருந்தது. ரெண்டுக்கும் ஒரே சொல் இருந்ததுல ஒரு குழப்பமும் இல்லை.

1610ல கலிலியோ தொலைநோக்கியில பார்த்ததைப் புத்தகமா போட்டார். நிலாவுல மலை இருக்கு, பள்ளம் இருக்கு. வியாழனைச் சுத்தி நாலு நிலா ஓடுது. பளிங்கு மாதிரி இருக்கணும்னு நினைச்ச சேலோ, நம்ம ஊர்ப் பொட்டல் மாதிரி கரடுமுரடா இருக்கு. பூமிதான் சூரியனைச் சுத்துதுன்னு கோப்பர்நிக்கஸ் சொன்னதைக் கலிலியோ ஆதரிச்சார். வேதத்துக்கு விரோதம்னு எதிர்ப்பு கிளம்பிச்சு.

1615ல டஸ்கனி பிரபுவோட தாயார் கிறிஸ்டினாவுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதுல ஒரு பெரிய சர்ச் அதிகாரி சொன்னதா ஒரு வாசகத்தைச் சேர்க்கிறார். கர்தினால் பரோனியோ சொன்னதுன்னு ஓரக்குறிப்பு இருக்கு. அதோட சாரம் இதுதான்: பரிசுத்த ஆவியோட நோக்கம் மனுஷன் 'சேலோ'வுக்கு எப்படிப் போறதுன்னு கத்துக்கொடுக்கறது, 'சேலோ' எப்படிப் போகுதுன்னு கத்துக்கொடுக்கறது இல்லை.

இதைத் தமிழ்ல சொல்லிப் பாருங்க. முதல் இடத்துல பரலோகம்னு போடணும், ரெண்டாவது இடத்துல வானம்னு போடணும். போட்டா வாக்கியம் சப்புன்னு ஆயிடும். இத்தாலியன்ல ரெண்டு இடத்துலயும் ஒரே சொல், ஒரே வினைச்சொல். இடத்தை மட்டும் மாத்திப் போட்டு, மதத்தோட எல்லை எது, விஞ்ஞானத்தோட எல்லை எதுன்னு ஒரே வரியில கோடு கிழிச்சாச்சு. தனித்தனிச் சொல் இல்லாத மொழியிலதான் இந்த வித்தியாசத்தை இவ்வளவு கூர்மையா சொன்னாங்க. சொல் ஒண்ணா இருந்ததுதான் அந்த வரிக்கே பலம்.

ஆனா அந்த வரி கலிலியோவைக் காப்பாத்தலை. 1616ல கோப்பர்நிக்கஸோட புத்தகத்தைத் திருத்தற வரைக்கும் நிறுத்தி வச்சாங்க. 1633 ஜூன் 22ஆம் தேதி ரோமாபுரியில கலிலியோவை மண்டி போட வச்சு, தன் கருத்தைத் துறக்கிறேன்னு சொல்ல வச்சாங்க. 1642ல சாகுற வரைக்கும் வீட்டுக்காவல். அவரை விசாரிச்சவங்களுக்கு அந்த வித்தியாசம் புரியாமலா இருந்தது? அதே மொழி பேசினவங்கதானே, அந்த வாசகத்தைச் சொன்னவரே அவங்க திருச்சபையோட கர்தினால்தானே. அது சொல் பஞ்சத்தால வந்த வினை இல்லை, அதிகாரம் யார் கையில என்பதால வந்த வினை. 359 வருஷம் கழிச்சு, 1992 அக்டோபர் 31ஆம் தேதி, போப் இரண்டாம் ஜான் பால் இந்த வழக்குல நடந்த தப்பை ஒத்துக்கிட்டுப் பேசினார். பரோனியோ சொன்னதாச் சொல்ற அதே வாசகத்தை அந்தப் பேச்சுல நினைவுபடுத்தினார்.

அப்போ ஆரம்பத்துல சொன்ன அந்த வாதம்?

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. ஒரே பேர்ல ரெண்டு மூணு ஃபங்ஷன் எழுதி வைப்போம். என்ன மாதிரி டேட்டா உள்ளே வருதுன்னு பார்த்து, சரியான ஃபங்ஷனைக் கம்பைலரே எடுத்துக்கும். மனுஷ மூளை இதை அதைவிட நல்லா பண்ணும். ரோமான்ஸ் மொழிக்காரங்க ரெண்டாயிரம் வருஷமா ஒரே சொல்லை வச்சுக்கிட்டு மழையையும் மோட்சத்தையும் காதலியையும் வாய்க்கூரையையும் குழப்பிக்காம வாழ்ந்திருக்காங்க. பன்மை போட்டுப் பிரிச்சாங்க, கடன் வாங்கிப் பிரிச்சாங்க. தேவைப்பட்டப்போ சேர்த்து வச்சும் அடிச்சாங்க. ஜெர்மன்காரங்களுக்கும் இன்னைக்கு வரைக்கும் 'ஹிம்மெல்'னு ஒரே சொல்தான்.

நம்மகிட்ட வானம், விண், விசும்பு, ஆகாயம், அப்புறம் துறக்கம், சொர்க்கம், மோட்சம், பரலோகம்னு வண்டி வண்டியா சொல் இருக்கு. சந்தோஷம். ஆனா தேவர்களுக்கு நாம வச்ச பேர் என்ன? வானவர், விண்ணவர். பிரிச்சு வச்சிருக்கோம்னு நாம நினைக்கிற இடத்துலயும் அதே கலவைதான்.

அதனால, அடுத்த தடவை "அவங்க மொழியில அதுக்குச் சொல்லே இல்லை, பாவம்"னு யாராவது ஒரு மக்கள் கூட்டத்தையே எடை போட்டா, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லுங்க. அகராதியில எத்தனை சொல்னு எண்ணறதுக்கு முன்னாடி, இருக்குற சொல்லை வச்சு அவங்க என்னென்ன பண்ணியிருக்காங்கன்னு பார்க்கணும்.

பி.கு.: இதே மாதிரி ஒரு சொல்லை வச்சே ரெண்டு மூணு உலகத்தை ஓட்டுற மொழி உங்களுக்குத் தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. ஸ்பானிஷ் கத்துக்கிட்டவங்க வந்து என் உச்சரிப்பைத் திருத்தினாலும் சந்தோஷம்தான்.